கவிஞர் உட்கார்ந்தாரா, நின்றாரா?

ஜெர்மன் இலக்கிய ஆராய்ச்சியால் பினாங்குத் தீவுக்கு விளைந்த நன்மைகளை யாராவது ஒருநாள் முறையாக எழுதுவார்கள். அதுவரைக்கும், சூலியா வீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நாகூர் மீரானின் மாடி அறைக்கு விளைந்ததை மட்டும் நான் சொல்லி வைக்கிறேன். முதல் பெரிய யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஜெர்மன்காரர்கள் மறுபடியும் கப்பலேறி வரலாம் என்று சர்க்கார் மனமிரங்கியிருந்த காலம்.

மீரான் சாதுவான மனிதர். ஆட்டுக்கறிக் குழம்பும் தேத்தண்ணியும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். ஒரே மகள் சபூரா. சுங்கை பாக்காப்பில் மளிகைக் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீனின் மகன் அப்துல் அஜீசுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நாகூர்ப் பக்கத்து வழக்கப்படி கலியாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அவருக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, பெண் வீட்டார் தயாராக வைத்திருக்க வேண்டும். அறை இல்லையென்றால் மாப்பிள்ளை இல்லை. கடைக்கு மேலே வீதியைப் பார்த்திருந்த மாடி அறை சபூராவுக்கென்று எப்போதோ முடிவாகிவிட்டது. கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகுதான் என்பதால் அது சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததுதான் தப்பாய்ப் போயிற்று.

ஒரு மத்தியானம் உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் கடைக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“வணிகப் பெருந்தகையே! யான் ஹோஹென்கிராப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியன், டாக்டர் டாக்டர் வில்ஃபிரீட் ஓபர்ஹம்மர். மாடத்து அறையில் தங்கி ஆராய விழைகின்றேன்.”

அவர் ஜெர்மனியிலேயே ஒரு பழைய இலக்கண நூலை வைத்துத் தமிழ் கற்றவர். யாரும் தமிழ் பேசி அதுவரை கேட்டதில்லை. மீரான் முதலில் இது ஏதோ நாடகக் கொட்டகை ஆள் என்று நினைத்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

“ரெண்டு தடவை டாக்டருன்னு சொன்னீங்களே தொரை. நம்ம வூட்டுலே முட்டிவலி. மருந்து குடுப்பீங்களா?”

“நான் மனிதர்களுக்கு வைத்தியன் அல்லன். கவிதைகளுக்கு.”

“கவிதைக்கு என்னா நோவு?”

“அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.”

இதைவிடத் தெளிவான பதிலை மீரான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. எத்தனை நாளைக்கு அறை வேண்டும் என்று விசாரித்தார். வேலை முடியும் வரை என்றார் டாக்டர் டாக்டர். “அவ்வளவுதானே, வேலை முடிஞ்சதும் காலி பண்ணிக் குடுத்துருங்க” என்று மீரான் வாக்குக் கொடுத்துவிட்டார். அடுப்பை அணைத்தால் வேலை முடிந்தது என்று வாழ்ந்தவர். முடியாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்றும், அதற்குச் சம்பளமும் உண்டு என்றும் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வாக்கு என்று கொடுத்துவிட்டால் மீரான் மாற மாட்டார். அது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன நேரம். கீழே வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. ரெட்டை டாக்டர் (கடையில் அவருக்கு அதற்குள் அந்தப் பெயர் விழுந்துவிட்டது) மாடி ஜன்னலைத் திறந்தார். அடுத்த நிமிஷம் படியில் தடதடவென்று இறங்கி வந்து மீரானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

விஷயம் இதுதான். அன்ஸ்கார் ஃபிங்கல் என்று ஒரு ஜெர்மன் கவிஞர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கிழக்கே கப்பலேறியவர், திரும்பவில்லை. அவருடைய ஒரே கவிதைத் தொகுப்பில் ‘மிளகு நகரத்து ஜன்னல்’ என்று ஒரு கவிதை இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு பாங்கோசை, ஏதோ வதங்கும் வாசனை, இவ்வளவும் அதில் வருகின்றன. ஜன்னலும் பாங்கும் வெங்காயமும் ஒரே இடத்தில் அமைந்த வீடு உலகத்திலேயே மீரானின் வீடு ஒன்றுதான் என்று ரெட்டை டாக்டர் கண்டுகொண்டார். சூலியா வீதியில் மற்ற வீடுகளுக்கும் ஜன்னல் இருந்ததையும் அங்கேயும் வெங்காயம் வதக்கினார்கள் என்பதையும் அவர் விசாரிக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்தவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

அன்று முதல் அந்த அறை அறையாக இருக்கவில்லை. அதற்கு ‘மூலம்’ என்று பெயராயிற்று. மீரானின் மனைவி சித்தி ஹாஜரா வழக்கம்போல ஒருநாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். பெருக்கி முடித்த தரையைப் பார்த்து ரெட்டை டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அம்மையே! நாற்பது ஆண்டுத் தூசியை அழித்துவிட்டீரே! அதில் ஃபிங்கலின் காலடி இருந்தது!”

“நாப்பது வருசமா? போன வெள்ளிக்கெழம நான் பெருக்குனேன் தொரை. அது முந்தாநாளு சீரகம் பொடைச்ச தூசி.”

“உம்முடைய அடக்கத்தைப் பாராட்டுகிறேன். ஆயினும் தேதி குறிப்பது துறை சார்ந்தவர்களின் பணி.”

பிறகு முறத்திலிருந்த தூசியை மெல்லத் திரும்ப வாங்கிக் கண்ணாடிச் சீசாக்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். துடைப்பம் படிக்கட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. சித்தி ஹாஜரா அன்றைக்கு மீரானுக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை.

அடுத்த கப்பலில் உதவியாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஹெர் பில்ட்ஸ் என்று பெயர். நாற்பத்தைந்து வயது. இருபது வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ரெட்டை டாக்டரின் குடையைப் பிடிப்பதும், ரெட்டை டாக்டர் சொன்னதை ரெட்டை டாக்டரே முன்பு சொல்லியிருக்கிறார் என்று ஆதாரம் காட்டுவதும் அவர் வேலை. கடையில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவரை அவருக்கு அவ்வளவுகூட யாரும் கொடுத்ததில்லை.

ஆராய்ச்சி என்றால் சொற்பொழிவு வேண்டும். மாடியில் தூசி கலையும் என்பதால் ஞாயிறுதோறும் கீழே கடையிலேயே கூட்டம் நடந்தது. துறைமுகத்துக் கம்பெனிகளில் இருந்த ஜெர்மன் குமாஸ்தாக்கள் எல்லாரும் தாய்நாட்டுக் கடமையாக வந்து உட்கார்ந்தார்கள். முதல் கூட்டத்தில் ரெட்டை டாக்டர், மீரானைக் கௌரவிக்க வேண்டித் தமிழிலும் சில வார்த்தை பேசினார்.

“ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் கவிதைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையை நாங்கள் கடந்துவிட்டோம். பின்பு கவிதைகளைப் பற்றி எழுதியவர்களை வாசித்தார்கள். அதையும் கடந்துவிட்டோம். இன்று நாங்கள் எங்களை மட்டுமே வாசிக்கிறோம். விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள்!”

பேசி முடித்ததும் குமாஸ்தாக்கள் எல்லாரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கைதட்டும் வழக்கம் இல்லை; மேஜையைத் தட்டுவதுதான் பாராட்டு. பினாங்குச் சாப்பாட்டுக் கடையில் மேஜையைத் தட்டினால் அர்த்தம் வேறு: இன்னொன்று கொண்டு வா. மீரான் ஓடிப்போய் எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்தார். வைத்ததைக் குடிக்காமல் விட்டால் இந்த ஊர் மரியாதைக்குக் குறைவோ என்று பயந்து எல்லாரும் குடித்தார்கள். அடுத்து அரை டாக்டர் பேசினார். மறுபடி தட்டினார்கள். மறுபடி தேத்தண்ணி வந்தது. பேச்சு எவ்வளவு மோசமோ தட்டல் அவ்வளவு பலமாக இருந்தது, முடிந்ததே என்ற சந்தோஷத்தில். நம் தேத்தண்ணிக்கு இத்தனை மதிப்பா என்று மீரானுக்கு உச்சி குளிர்ந்தது.

இதைப் பற்றி அரை டாக்டர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சொற்பொழிவு முடிந்தவுடன் இனிப்புத் தேநீர் பருகி உடன்பாட்டைத் தெரிவிப்பது பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் தொன்மையான சடங்கு என்பது கட்டுரையின் முடிவு. அதன் வேர் பழைய ஜெர்மானியக் காடுகளில் இருக்கிறது என்று ரெட்டை டாக்டர் ஒரு அடிக்குறிப்பு சேர்த்தார். அடிக்குறிப்பு கட்டுரையைவிடப் பெரிதாக வந்தது.

கட்டுரை ஜெர்மனிக்குப் போனது. அதைப் படித்துவிட்டு நீடர்ப்ரூன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டாக்டர் லூட்கர் ஷ்வெண்டே நேரே பினாங்குக்கே புறப்பட்டு வந்துவிட்டார். இவரும் அதே இலக்கணத்தில் தமிழ் படித்தவர், வேறு பதிப்பு. இவருக்கு ஒரு டாக்டர்தான். ஆகவே கடையில் இவர் ஒத்தை டாக்டர்.

ஒத்தை டாக்டர் படியேறி வந்து, ஜன்னலைப் பார்த்து, ஒரே கேள்வி கேட்டார். “கவிஞர் இங்கே உட்கார்ந்தாரா, நின்றாரா?”

“உட்கார்ந்தார்” என்றார் ரெட்டை டாக்டர்.

“நின்றார்” என்றார் ஒத்தை டாக்டர்.

கவிதையில் உட்கார்ந்தார் என்றும் இல்லை, நின்றார் என்றும் இல்லை. அதனால்தான் ஆராய்ச்சிக்கு அங்கே தாராளமாக இடம் இருந்தது. உட்கார்ந்த கட்சி நின்ற கட்சி என்று குமாஸ்தாக்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு கட்சி தட்டும்போது மறுகட்சி தட்டாமல் இருந்தது. அறைக்கு நடுவே கயிறு கட்டி, இந்தப் பாதித் தூசி இவருக்கு, அந்தப் பாதித் தூசி அவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நின்றுகொண்டிருந்தால் வாசனை எந்த உயரத்தில் மூக்கில் பட்டிருக்கும் என்று அளப்பதற்காக, மீரான் நாள் முழுக்க வெங்காயம் வதக்கிக்கொண்டேயிருக்க, அரை டாக்டர் ஜன்னலருகே நாற்காலியில் உட்காரவும் எழவும் உட்காரவும் எழவுமாக இருந்தார். சாயங்காலம் இருவருக்கும் கண்ணில் நீர்.

இதெல்லாம் மீரானுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, ஷேக் அலாவுதீன் வருகிற வரைக்கும்.

மாப்பிள்ளை அறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுங்கை பாக்காப்பிலிருந்து சம்பந்தி புறப்பட்டு வந்தார். தடித்த உடம்பு, சுருக்கென்று கோபம் வருகிற சுபாவம், பேச்சின் கடைசியில் இந்த ஊர் மலாய் ‘லா’ வேறு. மாடியில் கதவைத் தள்ளினார். ஒரு வெள்ளைக்காரர் தரையில் குப்புறப் படுத்து பூதக்கண்ணாடியால் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கயிற்றுக்கு மறுபக்கம் அதையே செய்துகொண்டிருந்தார். மூன்றாமவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். சுவரெல்லாம் ஒட்டடை. அதைத் தொடக் கூடாது என்று சீட்டு வேறு.

சம்பந்தி கீழே இறங்கி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னா மீரானே, என் மவன் அந்த மூணு தொரைங்களுக்கும் நடுவுலே பாய் விரிச்சுப் படுக்கணுமா?”

“வேலை முடிஞ்சதும் போயிருவாங்க, சம்பந்தி.”

“எப்ப முடியும்?”

மீரான் தேத்தண்ணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“பெருநாள் பிறை தெரியறதுக்குள்ளே அறை வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு இருக்கணும். இல்லேன்னா இந்தச் சம்பந்தம் வேணாம் லா. எனக்கு ஒரே மவன். அவனைக் கொண்டாந்து சூலியா ரோட்டுலே கூத்து காட்ட நான் தயாரா இல்லே.”

உள்ளே கதவோரம் நின்ற சபூரா இதைக் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அஜீசை அவள் பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பார்த்தவரைக்கும் அவளுக்குப் பிடித்திருந்தது. மகளின் தட்டைப் பார்த்துவிட்டு மீரானுக்கும் சோறு இறங்கவில்லை. உடனே மேலே போனார்.

“தொரை, ஒங்க வேலை எப்ப முடியும்? என் மவ கலியாணம் நிக்கிது.”

ரெட்டை டாக்டர் எழுந்து நின்று, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அன்போடு பேசினார். “அன்பரே, ஆராய்ச்சி என்பது கேள்விக்கு விடை காண்பது என்று பாமரர் எண்ணுகிறார்கள். அப்படியானால் விடை கண்ட மறுநாள் பேராசிரியனுக்கு என்ன வேலை? ஆகவே ஒரு கேள்வியை எடுத்து, அது இறக்காமல் காத்து, பெருக்கி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே எங்கள் தொண்டு. என் ஆசிரியர் எனக்கு ஒரு கேள்வியைத் தந்தார். நான் ஹெர் பில்ட்ஸுக்கு எட்டுக் கேள்விகள் தருவேன். இதுதான் வளர்ச்சி. உம் மகளுக்கு என் வாழ்த்துகள்.”

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒத்தை டாக்டர் தரையைத் தட்டினார். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். பழக்கதோஷத்தில் மீரான் தேத்தண்ணி கொண்டுவரக் கீழே இறங்கிவிட்டார்.

கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தென்னந்தோட்டம் வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்களோடு ஆட்களாக வாழ்ந்துவந்த ஒரு கிழவர் அவ்வப்போது படகில் வந்து மீரான் கடையில் சாப்பிடுவார். வெளுத்துப்போன சட்டை, மார்பு வரை தாடி. எல்லாரும் தாடி துரை என்பார்கள். யுத்தத்தின்போது டச்சுக்காரன் என்று சொல்லித் தப்பித்தவர். மறுவாரம் அவர் வந்தபோது மீரான் குழம்பை ஊற்றிக்கொண்டே தன் கஷ்டத்தைச் சொன்னார். கவிஞரின் பெயரைச் சொன்னதும் தாடி துரைக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“மீரானண்ணே, அது நான்தான் லா.”

“எது?”

“அன்ஸ்கார் ஃபிங்கல். சின்ன வயசுலே ஒரு பொஸ்தகம் போட்டேன். ஒருத்தனும் வாங்கலே. வெக்கமாப் போச்சு, கப்பலேறிட்டேன். இங்கே தென்னை வச்சேன். தேங்காயை வாங்குறாங்க.”

மீரானுக்கு அல்லாஹ்வே நேரில் கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. எச்சில் கையைக்கூடக் கழுவ விடாமல் தாடி துரையை மாடிக்கு அழைத்துக்கொண்டு ஓடினார். “தொரை! தேடின ஆளு வந்துட்டாரு! கேக்கவேண்டியதைக் கேட்டுக்கிட்டு ரூமைக் குடுங்க!”

மூன்று டாக்டர்களும் (அரையையும் சேர்த்து) வரிசையாக உட்கார்ந்து கிழவரை விசாரித்தார்கள். தகுதி நிரூபணமாகாதவர்களோடு ஜெர்மனில் பேசுவதில்லை என்பது ரெட்டை டாக்டரின் கொள்கை. ஆகவே பரீட்சை தமிழிலேயே நடந்தது.

“உம் பெயர்?”

“அன்ஸ்கார் ஃபிங்கல்.”

“அது பெயர் அல்ல, கருதுகோள். எப்போது இறந்தீர்?”

“இன்னும் இல்லே.”

“தவறு. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று, இலையுதிர் காலம். காரணம், தாய்நாட்டு ஏக்கம்.”

“இந்த ஊர்லே ஏது லா இலையுதிர் காலம்?”

“அதனால்தான் ஏக்கம்” என்றார் ரெட்டை டாக்டர். அரை டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஒத்தை டாக்டர் முன்னே சாய்ந்தார். “இந்த ஜன்னலருகே உட்கார்ந்தீரா, நின்றீரா?”

“ரெண்டும் இல்லே. இந்த ரூமுக்கு இன்னைக்குத்தான் வர்றேன். அந்தப் பாட்டை நான் ஹாம்பர்க்லே ஒரு பீர் கடையிலே எழுதினேன். மிளகு டின் மேலே ஒரு படம் போட்டிருந்துச்சு, ஜன்னல், பள்ளிவாசல் எல்லாம். வாசனை பீர் கடை அடுப்பு வாசனை.”

அரை டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு இரண்டு பேராசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்து, இந்த ஆள் பொய்யன் என்று ஒரே குரலில் முடிவு சொன்னார்கள். ரெட்டை டாக்டர் தீர்ப்பை வாசித்தார்.

“படைப்பாளி தன் படைப்பைப் பற்றிச் சொல்வது எங்கள் துறையில் மிகக் கீழான சான்று. அவர் ஒருதலைப்பட்சமானவர், மேற்கோள் காட்டத் தெரியாதவர். அது கிடக்கட்டும். ஃபிங்கல் இறந்த ஆண்டை நிறுவியது யார்? நான். ஏழு ஆண்டுகள் பதிப்பாளருக்கு ஒரு வரியும் எழுதாத கவிஞன் உயிரோடிருக்க முடியாது என்று நிரூபித்தே முதல் டாக்டர் பட்டம் பெற்றேன். இறந்த காரணத்தை நிரூபித்து இரண்டாவது. அவர் உயிரோடிருந்தால் என் பட்டங்கள் இரண்டும் போகும், என் நாற்காலி போகும், என் மனைவி என்னை மதிக்க மாட்டாள். ஆகவே அவர் உயிரோடு இல்லை. தர்க்கம் என்பது இதுதான்.”

தாடி துரை பரீட்சையில் தோற்றுக் கீழே வந்தார். அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை; ஆறிப்போன குழம்பைத்தான் கவலையோடு பார்த்தார். மீரான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

சித்தி ஹாஜரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். செத்த வருசம் தெரியுது, செத்த காரணம் தெரியுது. எங்கே செத்தாராம்?”

“அது தெரியாது போலே.”

“ஒரு ஜன்னலுக்கே இந்தப் பாடுன்னா, பொதைச்ச கபுர் கெடைச்சா விடுவாங்களா? பத்து காவான்லே ஒரு கபுரைக் காட்டுங்க. பாய் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் போயிருவாங்க.”

“பொய் சொல்ல என்னாலே ஆவாது, ஹாஜரா.”

“நீங்க ஏன் பேசுறீங்க? நீங்க தேத்தண்ணி வைங்க. சாவ வேண்டியவரு ஒத்துக்கிட்டாப் போதும்.”

இருவரும் தாடி துரையைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். “சாவலாம் லா. சபூரா கலியாணத்துக்குத்தானே. கெணறு கட்ட கல்லு வாங்கிப் போட்டிருக்கேன், அதை அடுக்கிட்டாப் போச்சு.”

மறுநாள் தாடி துரை தலையை வாரிக்கொண்டு மாடிக்குப் போனார். நேற்று வெயில் தலைக்கேறிப் பிதற்றிவிட்டதாகவும், தான் கவிஞன் அல்ல, பத்து காவானில் கவிஞரின் சமாதியைக் காத்துவரும் கிழவன் மட்டுமே என்றும் சொன்னார். ரெட்டை டாக்டர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கவிஞராக வந்தபோது நம்பத் தகாதவராக இருந்த அதே கிழவர், சமாதிக் காவலராக வந்தபோது முதல்தரச் சாட்சியாகிவிட்டார். அவர் நேர்மையான முகத்தை நேற்றே கவனித்ததாக ஒத்தை டாக்டர் சொன்னார்.

ஒரே நாளில் அறை காலியாயிற்று. சீசாக்கள் போயின, கயிறு போயிற்று, ஒட்டடையைக்கூடத் தடியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ரெட்டை டாக்டர் தச்சரைக் கூப்பிட்டு ஜன்னலையே சட்டத்தோடு பெயர்த்து, ஹோஹென்கிராப்புக்கு அனுப்பப் பெட்டியில் அடைத்தார். மீரான் பதறிப்போனார். சபூரா அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

“போவட்டும் உம்மா. அந்தச் சன்னலு எனக்குப் பிடிக்கவே இல்லே. தலையை நீட்டுனா இடிக்கிது. வாப்பாட்டே பெருசா ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.”

பெரிய ஜன்னல் வைத்தார்கள். சித்தி ஹாஜரா துடைப்பத்தோடு மேலே ஏறி, ஒரு மூலை விடாமல் பெருக்கினார். அவர் அவ்வளவு ஆனந்தமாகப் பெருக்கியதை மீரான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பத்து காவானில் நினைவுக் கூட்டம் நடந்தது. இவர்கள் திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் மீரானும் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தென்னைக்கடியில் கிணற்றுக் கல் அழகாக அடுக்கியிருந்தது. தோண்டிப் பார்க்கலாமே என்று ஒத்தை டாக்டர் ஒரு யோசனை சொன்னார். “தோண்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஆராய்ச்சி என்ன ஆவது?” என்றார் ரெட்டை டாக்டர். அந்த நியாயத்துக்கு ஒத்தை டாக்டர் கட்டுப்பட்டார். காவல்காரக் கிழவரை மிளகு நகரத்துக் கவிதையை ஒப்பிக்கச் சொன்னார்கள். அவர் இரண்டு வரி சொன்னதும் ரெட்டை டாக்டர் நிறுத்தி, மூலத்தில் அப்படி இல்லை என்று திருத்தினார். பிறகு கிழவரை ஆயுள் முழுவதும் சமாதிக் காவலராக நியமித்தார்கள். ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்தின் முன் தோன்றி, கவிஞர் இன்னும் இறந்தே இருக்கிறார் என்று அவர் உறுதி கூற வேண்டும் என்பது நிபந்தனை. கவிஞர் சமாதியில் மல்லாந்து கிடக்கிறாரா, பக்கவாட்டில் கிடக்கிறாரா என்று அன்று மாலையே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. மீரான் நிம்மதியாக ஊர் திரும்பினார்.

பிறை தெரிந்தது, பெருநாள் கழிந்தது, கலியாணமும் நடந்தது. வெள்ளையடித்த அறையின் பெரிய ஜன்னல் வழியே வீதி முழுக்கத் தெரிவதைப் பார்த்து அப்துல் அஜீஸ் அங்கேயே நின்றுவிட்டான் என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். மீரான் அன்று அழுதார், மகளைக் கொடுத்த சந்தோஷத்தில். வெங்காயத்துக்கு அழாமல் அவர் அழுது வெகு நாளாயிற்று.

விருந்தில் நாலு பேருக்கு ஒரு சஹன் தட்டு. மீரான், சம்பந்தி, தாடி துரை, பள்ளி இமாம் நால்வரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணியைப் பகிர்ந்துகொண்டார்கள். மீரானுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. குனிந்து மெல்லக் கேட்டார்.

“ஒங்க கபுர்லே நின்னு எல்லாரும் அழுதப்ப ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையா தொரை?”

“நானும் அழுதேன் லா” என்றார் தாடி துரை, ஒரு எலும்பை எடுத்துக்கொண்டே. “அந்த டாக்டரு அவனைப் பத்தி அவ்வளவு நல்லாச் சொன்னாரு. பாவம், சின்னப் பயல். உசுரோட இருந்தப்ப ஒருத்தனும் அப்படிச் சொல்லலே.”

சம்பந்தி ஷேக் அலாவுதீன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றுகொண்டிருந்தார். மூன்று துரைகளும் அவர்களுடைய குமாஸ்தாக் கூட்டமும் பத்து காவானில் என்ன சாப்பிடுகிறார்கள், அரிசி பருப்பு யார் கடையில் எடுக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்ல கறித்துண்டு ஒன்றைத் தட்டில் தாடி துரையின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“தொரை, சுங்கை பாக்காப்புலே என் கடைக்குப் பின்னாடி மூட்டை அடுக்குற கிட்டங்கி ஒண்ணு சும்மாத்தான் கெடக்குது. நீங்க அந்தப் பக்கம் எப்பவாச்சும்…”

தாடி துரை கறித்துண்டை எடுத்துக்கொண்டார்.

“அங்கே நான் இன்னும் சாவலே லா. பெறந்திருக்கலாம்.”